லாரி இன்ஜின் கோளாறு: நாமே பார்த்துச் சரிசெய்ய அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி ஓட்டுபவர்களும் சொந்தமாக ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே டீசல் இன்ஜினைப் பற்றியவை. நல்ல பம்பையும், டீசலைத் தெளிக்கும் நல்ல இன்ஜெக்டரையும் கழற்றி மாற்றிவிட்டு, கடைசியில் கோளாறு ஒரு ஹோஸ் கிளிப்பில் இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் எதைப் பார்ப்பது, எதை அளப்பது என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

கோளாறு வந்தால் முதலில் எங்கே கை வைப்பது?

கை வைப்பதற்கு முன் கேளுங்கள். கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது? எங்கே டீசல் போட்டார்கள்? கோளாறு திடீரென்று வந்ததா, நாளாக நாளாக வளர்ந்ததா? குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, ஏற்றத்தில் மட்டுமா? ஃபில்டர் மாற்றிய மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஃபில்டர் மாற்றிய இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 1897-ல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜின் முதல் இன்றைய லாரி வரை தத்துவம் ஒன்றுதான். காற்றை அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆக, சுத்தமான காற்று போதுமான அளவு வேண்டும், டீசல் சரியான அளவில் சரியான நேரத்தில் வர வேண்டும், கம்ப்ரஷன் இருக்க வேண்டும், ஸ்டார்ட் ஆகும் வேகத்துக்கு இன்ஜின் சுற்ற வேண்டும். எந்தக் கோளாறும் இந்த நான்கில் ஒன்றில்தான் வந்து நிற்கும். கழற்றாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள்.

வேலை தொடங்குமுன் என்னென்ன பாதுகாப்பு?

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கேபினைத் தூக்கினால் முழுதாகத் தூக்கி, தாங்கு கம்பி பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே போங்கள். பாதி தூக்கிய கேபினுக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வேண்டும். மோதிரம், வாட்ச், தொங்கும் துண்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மின் இணைப்பில் வேலை செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

சாவி திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் மல்டிமீட்டரோடு செலவழியுங்கள்.

பெரும்பாலான கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் சுமாருக்குக் காட்ட வேண்டும். ஒன்று 12.6, மற்றது 12.0 என்றால் பலவீனமான அந்த ஒன்று இரண்டையும் சேர்த்து இழுத்துவிடும். இனி யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி, இரண்டும் சேர்ந்த வோல்ட்டைப் பாருங்கள். 19-க்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் இழுக்கவில்லையா? எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவ்வை இன்ஜினோடு இணைக்கும் பட்டையைப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் வேண்டாம். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, 0.3 காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ துரு, தளர்ந்த நட், அல்லது உள்ளுக்குள் அறுந்த கேபிள் இருக்கிறது. இதே சோதனையை பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃபின் பெரிய டெர்மினலுக்கும் இடையே செய்யுங்கள். எர்த் பட்டை கெட்டுப்போன வண்டியில் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகக்கூடப் பாயும். செல்ஃப் அடித்தபின் அந்த மெல்லிய கேபிள் சூடாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் சுற்றவே மறுத்து இறுகி நிற்கிறது, கூலண்டும் குறைந்திருக்கிறது என்றால் மேலும் மேலும் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஏன்?

செல்ஃப் அடிக்கும்போது சைலன்ஸரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. அப்போது குளிர், ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் இவற்றில் கோளாறு. புகையே வரவில்லை என்றால் டீசல் போகவில்லை. சாலையில் நிற்கும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

டேங்கில் டீசல் இருக்கிறதா என்று முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள். ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா, டீசலை நிறுத்தும் மின் வால்வான ஸ்டாப் சோலனாய்டுக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். கடும் குளிர் நாட்டில் ஓடும் வண்டி என்றால் டீசலில் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைத்திருக்கலாம். அதற்கு ஃபில்டரை மிதமாகச் சூடாக்குவதும் குளிர்கால டீசல் போடுவதும்தான் வழி. தீ வைத்துச் சூடாக்கும் வேலையே வேண்டாம்.

இதற்கெல்லாம் பிறகு மிஞ்சுவது ஏர் பிடிப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரை உள்ள பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு எளிய வழி, டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாய் ஒரு முழம். ஃபீட் பம்புக்குள் வரும் பைப்பில் அதை இடையில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வரும். ஒரு நிமிடத்தில் தெளிய வேண்டும். குமிழி வரிசை நிற்காமல் ஓடினால் ஓட்டை டேங்க் பக்கம். குழாயை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் தள்ளி மாட்டிக்கொண்டே போனால் குமிழி தொடங்கும் இடம் தெரிந்துவிடும்.

ஒரு வண்டி இரண்டு நாள் என்னைப் படுத்தியது. ஃபில்டர் புதிது, ஃபீட் பம்ப் புதிது, வாஷர் எல்லாம் புதிது. வழியில் நின்றுவிடும், ஏர் எடுத்தால் ஓடும், மறுபடி நிற்கும். டிரைவர் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "டேங்க் நிறைய இருந்தா ஒண்ணும் பண்றதில்லைண்ணே, பாதிக்குக் கீழே வந்தாத்தான் மக்கர்." டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை வெளியே உருவிப் பார்த்தால், நடு உயரத்தில் தலைமுடி அளவு விரிசல். டீசல் மட்டம் விரிசலுக்கு மேலே இருக்கும்வரை டீசலையே உறிஞ்சியது. மட்டம் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சியது. முதல் நாளே அவரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த பம்பை மாற்றியிருக்க வேண்டாம்.

ஏர் எடுப்பது எப்படி?

பழைய வகை இன்ஜெக்ஷன் பம்ப் உள்ள இன்ஜினில்: ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை வரும், அப்புறம் நுரையும் டீசலும் கலந்து வரும், கடைசியில் கண்ணாடி போலத் தெளிந்த டீசல் வரும். பம்ப் அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்தது இன்ஜெக்ஷன் பம்பின் ஏர் திருகு, அதே முறை. பிறகும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட்டுகளில் இரண்டு மூன்றை ஒரு சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் இறுக்குங்கள். செல்ஃபைத் தொடர்ந்து 15 வினாடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவே ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடுங்கள். கழற்றிய செம்பு வாஷரைத் திரும்பப் போடாமல் புதிது போடுங்கள். பழைய வாஷரே அடுத்த ஏர் பிடிப்புக்குக் காரணமாவது உண்டு.

காமன் ரெயில் இன்ஜினிலும் அப்படியே நட்டைத் தளர்த்தலாமா?

கூடவே கூடாது. 1995 முதல் லாரிகளில் வரத் தொடங்கிய காமன் ரெயிலில், எல்லா இன்ஜெக்டர்களுக்குமான டீசல் ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் நிற்கும். இன்றைய இன்ஜின்களில் அந்த அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும், பல இன்ஜின்களில் 2,000 பாருக்கும் மேல். அந்த அழுத்தத்தில் ஊசி முனை அளவு வரும் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப் பட்டால் 'சின்னக் காயம்தானே' என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒழுகலைத் தேடும்போது கையால் தடவாதீர்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இந்த இன்ஜின்களில் குறைந்த அழுத்தப் பக்கத்தில், அதாவது ஃபில்டர் வரை மட்டும் கை பம்பால் நிரப்பினால் போதும். மீதியை இன்ஜின் தானே தள்ளிக்கொள்ளும். புது ஃபில்டருக்குள் வெளியிலிருந்து டீசல் ஊற்றி மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வடிகட்டாத ஒரு தூசி போதும், இன்ஜெக்டர் கெட்டுப்போக.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். ஏர் ஃபில்டர், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சாதனம்) ஹோஸ், சொட்டும் இன்ஜெக்டர் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் வந்து நின்றால் வால்வ் சீல், லோடில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. வெள்ளையில் இரண்டு உண்டு. கண்ணை எரிக்கும் டீசல் வாடை இருந்தால் எரியாத டீசல். ஆவி போல வந்து, மெல்லிய இனிப்பு வாடை இருந்து, இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலண்ட். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம்.

புகைக் குழாயில் வடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளில் கறுப்புப் புகை வெளியே தெரியாமலே வடிகட்டியில் சேரும். அங்கே நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

ஏற்றத்தில் இழுவை இல்லை. டர்போ மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பொறுங்கள். முதலில் ஆக்சிலேட்டரை ஒருவர் முழுதும் மிதிக்க, பம்பின் லிவர் கடைசி வரை போகிறதா என்று மற்றொருவர் பார்க்கட்டும். தரைவிரிப்பு மடங்கியதாலேயே இழுவை குறைந்த வண்டி உண்டு. அடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். கரி படிந்து பாதி மூடியபடி நின்றுவிட்டால் இன்ஜின் மூச்சு விட முடியாமல் திணறும். அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமில்லை.

இதெல்லாம் சரி என்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். அதன்பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். ஆயில் கலந்த தூசி விசிறி போலப் படிந்த இடத்தில்தான் காற்று கசிகிறது. ஹோஸின் அடிப்பக்கத்தைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடைசியில்தான் டர்போ. இன்ஜின் நின்று ஆறிய பிறகு காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போவின் உள்ளே இருக்கும் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. ஆனால் இதழ்கள் சுவரை உரசக் கூடாது. உரசிய தழும்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போது பழைய டர்போ ஏன் போனது என்று ஆயில் குழாயைப் பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். ஏற்றம் ஏறி வந்ததும் சட்டென்று இன்ஜினை நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விடுவது டர்போவின் ஆயுளைக் கூட்டும்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடலாமா?

அவசரத்துக்கு வெளி ஃபில்டரை மட்டும், உள்ளிருந்து வெளியே, மெதுவான காற்றில். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். தட்டும்போது தாளில் விழும் ஒரு சின்னக் கிழிசல், சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும்.

இன்ஜின் சூடு ஏறுகிறது. எப்படித் தேடுவது?

ஓரமாக நிறுத்தி, சில நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். கூலண்ட் வெளியே கொட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் ஒரு பங்கு ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவு ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஆறியதும், கூலண்ட் மட்டம், பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டரின் முகம் என்ற வரிசையில் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் மண்ணும் மெத்தை போல அடைத்திருக்கும். டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். கழுவும்போது ஃபேன் பக்கமிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும்.

ஃபேனில் விஸ்கஸ் கிளட்ச் (சூடு ஏறினால் ஃபேனைப் பிடித்துச் சுற்றவைக்கும் இணைப்பு) இருந்தால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போதே லேசான பிடிப்பு தெரிய வேண்டும், சூட்டில் நன்றாகவே பிடிக்க வேண்டும். மின்விசிறி போலத் தடையின்றிச் சுற்றினால் அது கெட்டுவிட்டது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதிலிருந்து கூலண்ட் வழிந்து தடம் விட்டிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டையை அடைக்க நினைக்காதீர்கள்.

சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குக் கூலண்ட் போகும் வழியைத் திறக்கும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் கழற்றி ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில், பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி, திறக்கத் தொடங்க வேண்டும்.

அதைக் கழற்றி எறிந்துவிட்டே ஓட்டலாமே?

பலர் செய்கிறார்கள், ஆனால் தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும், சூடு இன்னும் ஏறும். லேசான லோடில் இன்ஜின் போதுமான சூட்டுக்கே வராமல் லைனர் தேயும்.

கூலண்ட் குறைகிறது, எங்கேயும் ஒழுகலைக் காணோம். ஹெட் கேஸ்கெட்டா?

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்க மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது, பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸர். அதற்கும் கூலண்ட் போகிற வண்டிகளில், கம்ப்ரஸரின் ஹெட் கேஸ்கெட் போனால் ரேடியேட்டரில் குமிழி வரும். பார்க்க அப்படியே இன்ஜின் ஹெட் கேஸ்கெட் போன மாதிரியே இருக்கும். கம்ப்ரஸருக்குப் போய்வரும் இரண்டு கூலண்ட் குழாய்களையும் கழற்றி, முனைகளை அடைத்துவிட்டு, சில நிமிடம் மட்டும் ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி நின்றால் ஒரு பெரிய வேலை மிச்சம். இரண்டாவது, புகையை மறுசுழற்சி செய்யும் குழாயின் கூலர். அது ஓட்டையானால் கூலண்ட் சைலன்ஸர் வழியாக ஆவியாகிப் போய்விடும், தரையில் ஒரு சொட்டு விழாது. மூன்றாவது, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப். வண்டியை ராத்திரி முழுதும் ஆடாமல் நிறுத்துங்கள். தண்ணீர் கனமானது, ஆயிலுக்கு அடியில் போய்ச் சேரும். காலையில் ஒரு தட்டை வைத்து, சம்பின் அடிப் போல்ட்டைக் கழற்றாமல் மெள்ள மெள்ளத் தளர்த்துங்கள். முதல் சொட்டுகள் கறுப்பாக, நூல் போல இழுத்துக்கொண்டு வந்தால் நல்லது. நிறமான தண்ணீர் 'சட சட' என்று முதலில் விழுந்து, பிறகு ஆயில் வந்தால் லைனரின் ரப்பர் வளையமோ ஹெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பியரிங் தாங்காது.

ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது. பக்கத்து ஊர் வரை ஓட்டிப் போகலாமா?

ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். நிறுத்தி, குச்சியில் மட்டம் பாருங்கள். மட்டம் கூடியிருந்து டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலந்து நீர்த்துவிட்டது. மட்டம் சரி, ஆயிலும் சரி என்றால் சென்ஸரைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி அளப்பதுதான் ஒரே நியாயமான தீர்ப்பு. கேஜ் நல்ல பிரஷர் காட்டினால் சென்ஸரை மாற்றினால் போதும். அதிலும் குறைவாகக் காட்டினால் ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பியரிங் தேய்ந்திருக்கிறது.

ஐடிலில் மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றுவதில்லை. எந்த சிலிண்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளங்கள். மற்றதெல்லாம் சூடேற ஒன்று மட்டும் பின்தங்கினால் அந்த சிலிண்டர்தான். பழைய பம்ப் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தியும் பார்க்கலாம், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். தடுமாறாத இடத்தில் கோளாறு. காமன் ரெயிலில் இந்த வேலையை ஸ்கேனர் வழியாக மட்டுமே செய்ய வேண்டும்.

சிலிண்டர் தெரிந்ததும் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர். போகாமல் அங்கேயே நின்றால் வால்வ், ரிங், கம்ப்ரஷன். இன்ஜெக்டருக்குத் தனி எண் உள்ள இன்ஜின்களில் அந்த எண்ணையும் ஸ்கேனரில் மாற்றிப் பதிய வேண்டும்.

டேப்பட் நானே வைக்கலாமா?

தாராளமாக. பொறுமை மட்டும் வேண்டும். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி எவ்வளவு என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. உங்கள் இன்ஜினின் தகட்டிலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த நிலையிலா சூட்டிலா என்பதையும் சேர்த்து.

ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின்களில் பெரும்பாலும் பற்றும் வரிசை 1-5-3-6-2-4. இதில் 1-ம் 6-ம் ஜோடி, 5-ம் 2-ம் ஜோடி, 3-ம் 4-ம் ஜோடி. இன்ஜினை அது ஓடும் திசையில் கையால் சுற்றிக்கொண்டு 6-ம் சிலிண்டரின் ராக்கர்களைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மூடி முடிக்கும், அதே நேரத்தில் இன்லெட் திறக்கத் தொடங்கும். இரண்டும் ஆடுகிற அந்த நேரத்தில் 1-ம் சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுதாக மூடியிருக்கும். அப்போது 1-ஐ வையுங்கள். அப்புறம் மூன்றில் ஒரு சுற்று சுற்றி, 2 ஆடும்போது 5-ஐ வையுங்கள். இப்படியே பற்றும் வரிசையில் போனால் இரண்டு முழுச் சுற்றில் ஆறும் முடிந்துவிடும்.

இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இழுக்கும்போது, கனமான புத்தகத்தின் நடுவில் செருகிய தாளை உருவுவது போன்ற பிடிப்பு இருக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கியதும் இடைவெளி மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பாருங்கள். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனர் ஒரு சென்ஸரின் பெயரைச் சொல்கிறது. அதை வாங்கி மாட்டிவிடலாமா?

அந்த சென்ஸரின் சர்க்கியூட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் கோட் சொல்கிறது. சாமான் கெட்டது என்று சொல்லவில்லை. முதலில் கனெக்டரைக் கழற்றி உள்ளே பச்சைப் பூஞ்சையோ தண்ணீரோ இருக்கிறதா பாருங்கள். வயர் சேஸிஸில் உரசி அறுந்திருக்கிறதா தேடுங்கள். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல கோட் வந்தால் பேட்டரி வோல்டேஜையும் எர்த்தையும் பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியையும் இன்ஜின் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றாமல் வைத்தால் கம்ப்யூட்டரே போய்விடும்.

ஆட்ப்ளூ டேங்கில் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா?

வேண்டாம். புகையைச் சுத்தம் செய்யத் தெளிக்கப்படும் ஆட்ப்ளூ 32.5 சதவீத யூரியா கரைசல். செறிவு மாறினால் சென்ஸர் கண்டுபிடித்து இன்ஜினின் இழுவையைக் குறைத்துவிடும். அதில் டீசல் தவறி விழுந்தால் சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். சீல்கள் வீங்கி பம்ப் போய்விடும்.

சாவியை அணைத்தும் இன்ஜின் தானாக வேகம் ஏறிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் டர்போ சீல் உடைந்து இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்கிறது. டீசலை நிறுத்தி இதை நிறுத்த முடியாது. கியர் வண்டியாக இருந்து நீங்கள் இருக்கையில் இருந்தால் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்து, கிளட்ச்சை விட்டு அணையுங்கள். இல்லையேல் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ ஒருபோதும் வேண்டாம், உள்ளே இழுத்துவிடும். நெருங்க முடியாத வேகத்துக்குப் போய்விட்டால் விலகி ஓடுங்கள். இன்ஜின் உடைந்து துண்டுகள் பறக்கும்.

எந்த வேலையை மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

இன்ஜெக்ஷன் பம்பையும் இன்ஜெக்டரையும் பிரிப்பது, ஹெட்டை மட்டம் பார்ப்பது, கிராங்க் வேலை, காமன் ரெயிலின் உயர் அழுத்தப் பக்கம். இவற்றுக்கு டெஸ்ட் பெஞ்சும் அளவுக் கருவியும் வேண்டும். ஆனால் கொண்டுபோகும்போது நீங்கள் அளந்த எண்களை எழுதி எடுத்துப் போங்கள். "ஸ்டார்ட் ஆகலை" என்று சொல்வதைவிட "செல்ஃப் அடிக்கும்போது 22 வோல்ட் இருக்கு, புகை வரலை, ஃபில்டர் வரைக்கும் டீசல் தெளிவா வருது" என்று சொன்னால் அவருக்கும் தேடும் நேரம் மிச்சம், உங்களுக்கும் தேவையில்லாத செலவு வராது.

வேலை முடிந்ததும் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கருவிகளை எண்ணுங்கள். ஒரு துணித் துண்டு உள்ளே விடுபட்டாலும் ஃபேன் பெல்ட் இழுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகே கையை எடுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயிலும் கூலண்டும் மட்டம் பாருங்கள். புது ஃபில்டரும் காலிக் குழாய்களும் கொஞ்சம் குடித்திருக்கும். முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதும் ஆறியபின் கழற்றிய ஒவ்வொரு ஹோஸ் கிளிப்பையும் மறுபடி ஸ்குரூடிரைவரால் தொட்டுப் பாருங்கள். சூட்டில் ரப்பர் அமுங்கி, அரைச் சுற்றாவது இறுக்க இடம் கிடைக்கும்.